மரஆலையில் பணிமூப்பு
(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



கல்வியும் வேலைவாய்ப்பும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். இம்மேடையில் இப்பொருள் பற்றிப் பலரும் பேசியிருக்கின்றனர். ஆகவே நான் வெகுதூரம் சென்று, அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலுள்ள ஒரு மரத்தொழில் நகரத்தின் வரலாற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அங்குள்ள கறுப்பின மக்களுக்கு நேர்ந்தவற்றைக் கேட்கும்போது, நம்மவருக்கு விளக்கம் அதிகம் தேவைப்படாது என நம்புகிறேன்.

லூயிசியானா மாநிலத்தில் பொகலூசா என்று ஒரு நகரம் உண்டு. காடாக இருந்த இடத்தில், குட்இயர் சகோதரர்கள் என்னும் வடநாட்டு முதலாளிகள் தொடங்கிய கிரேட் சதர்ன் மரக் கம்பெனி உருவாக்கிய நகரம் அது. 1908இல் ஓடத் தொடங்கிய அந்த ஆலை, உலகிலேயே மிகப் பெரிய மரஅறுப்பு ஆலை எனப் பெயர் பெற்றது. ஒரு நாளைக்குப் பத்து லட்சம் பலகை அடி அறுக்க வல்லது என்பார்கள். நம் மரவாடிக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 83 ஆயிரம் கன அடி! வீடும் கடையும் ஆலைக்காரருடையவை. ஊர்க் காவலும் அவர்தம் சொற்படியே நடந்தது.

அக்காலத்தில் தென் மாநிலங்களின் மரத்தொழிலாளருள் ஏறத்தாழச் சரிபாதியினர் கறுப்பின மக்கள். ஆட்கள் வேண்டாம் என்று எவரும் அவர்களைத் துரத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். காட்டில் மரம் வீழ்த்தவும், தடியை இழுக்கவும், ஈரப் பலகையைத் தூக்கி அடுக்கவும் அவர்கள் தேவைப்பட்டனர். வாளை இயக்குபவர், வாளுக்குக் கூர்தீட்டும் வல்லுநர், மேஸ்திரி ஆகிய இடங்களுக்கு மட்டும் அவர்கள் வரலாகாது. உழைப்பு வேண்டும், உயர்வு கூடாது என்னும் இவ்வேற்பாடு நமக்குப் புதியதன்று.

இவ்வேற்பாட்டை எதிர்த்து இரு இனத்தாரும் ஒன்றுபட முயன்றதுண்டு. 1910இல் லூயிசியானாவில் தோன்றிய மரத்தொழிலாளர் சகோதரத்துவம் என்னும் சங்கம் இரு இனத்தாரையும் தனித்தனிக் கிளைகளாகச் சேர்த்தது. 1912இல் அலெக்சாண்ட்ரியா நகரில் கூடிய அதன் மாநாட்டில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்தனர். அன்றைய தென்னாட்டில் அது சிறு செயலன்று. ஆலை முதலாளிகள் ஓரிரு ஆண்டுகளுக்குள் அச்சங்கத்தை ஒடுக்கிவிட்டனர்.

பொகலூசாவில் 1919ஆம் ஆண்டு நவம்பரில் நிகழ்ந்தது இதனினும் கொடியது. கறுப்பினத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் சால் டேக்கஸ் என்பவரைத் தேடிக் கம்பெனிக்கு ஆதரவான ஆயுதக் கும்பல் இரவில் அவர் வீட்டைத் தாக்கியது. அவர் சதுப்பு நிலத்தில் மறைந்து உயிர் தப்பினார். மறுநாள், நவம்பர் 22 அன்று, துப்பாக்கி ஏந்திய இரு வெள்ளைத் தொழிலாளர் துணையாக வர, அவர் நகரின் நடுவீதி வழியே நடந்து வந்தார். அவர்கள் தங்கிய இடத்தைக் கும்பல் சூழ்ந்து சுட்டது. நகரத் தொழிற்சங்கத் தலைவர் லம் வில்லியம்ஸ் உட்பட நான்கு வெள்ளையர் உயிரிழந்தனர். டேக்கஸ் தப்பினார். வில்லியம்சின் மனைவி தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது; 1928இல் கம்பெனியே வென்றது. கறுப்பினத் தோழன் ஒருவனைக் காக்க வெள்ளையர் நால்வர் மாண்ட ஊர் அது என்பதை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள்.

காட்டை வெட்டித் தீர்த்த பின், 1938இல் அறுப்பு ஆலை மூடப்பட்டது. மரத்தைக் கூழாக்கிக் காகிதம் செய்யும் ஆலை நிலைத்தது. 1955இல் அதைக் கிரௌன் செல்லர்பாக் கம்பெனி வாங்கியது. ஒரே ஆலையில் வெள்ளையர்க்கு 189ஆம் எண் சங்கம், கறுப்பர்க்கு 189-ஏ. பதவி உயர்வு வரிசைகளும் இரண்டு. கறுப்பர் வரிசையின் உச்சிப்படி பெரும்பாலும் வெள்ளையர் வரிசையின் அடிப்படிக்கும் கீழே இருந்தது.

1964இல் அமெரிக்க நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டம் இயற்றியது. அதன் ஏழாம் பிரிவு, வேலையில் இனவேற்றுமை காட்டலாகாது எனத் தனியார் ஆலைகளுக்கும் சேர்த்துத் தடை விதித்தது. அது 1965 ஜூலை 2 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் பொகலூசாக் கறுப்பின மக்கள், ராபர்ட் ஹிக்ஸ், ஏ. இசட். யங் முதலியோர் தலைமையில், வீதியில் இறங்கிப் போராடினர். கு கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை வெறிக் கூட்டத்திடமிருந்து தம் குடியிருப்பைக் காக்கத் தற்காப்பு அணியும் அமைத்தனர். அவருள் பலர் அந்த ஆலையின் தொழிலாளரே.

1966 தொடக்கத்தில் ஆலை இரு வரிசைகளையும் இணைத்தது. வேற்றுமை ஒழிந்தது என்று அறிவிக்கவும் செய்தது. இணைத்த விதத்தைத்தான் மாணவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். ஓர் ஏணியின் கீழே மற்றோர் ஏணியைக் கட்டினாற்போல் கட்டினர். ஒரு படியில் நின்ற காலத்தைக் கணக்கிட்டே மேற்படிக்கு ஆள் எடுத்தனர். ஆலையில் உழைத்த மொத்தக் காலத்தை எண்ணவில்லை.

கரும்பலகைக் கணக்காகவே சொல்கிறேன். கறுப்பர் ஒருவர் 1946இல் சேர்ந்து இருபது ஆண்டு உழைத்தவர். வெள்ளை இளைஞர் ஒருவர் 1962இல் சேர்ந்தவர். வெள்ளையர் வரிசையின் முதற்படியில் இளைஞருக்கு நான்கு ஆண்டு மூப்பு உண்டு. மற்றவர் அப்படியில் கால் வைக்கவே முன்னர் அனுமதிக்கப்படவில்லை. ஆகவே அவர் மூப்பு சுழி. இரண்டாம் படியில் இடம் காலியானால் இளைஞரே போவார். விதியில் இனம் என்ற சொல்லே கிடையாது. எனினும் பழைய அநீதியின் பயனை அவ்விதி ஒவ்வோர் ஆண்டும் வட்டியோடு வழங்கிக்கொண்டிருந்தது.

1968இல் அரசு தலையிட்டு, ஆலையில் உழைத்த மொத்தக் காலத்தையும் கணக்கில் கொள்ளுமாறு வற்புறுத்தியபோது, வேலைநிறுத்தம் செய்வோம் என மிரட்டியது யார் என எண்ணுகிறீர்கள்? 189ஆம் எண் சங்கம். அன்று தோழனுக்காக நால்வர் மாண்ட அதே நகரத்தின் தொழிற்சங்கம். ஐம்பது ஆண்டுகளில் சங்கத்தின் மனம் அவ்வளவு சுருங்கிப் போயிற்று. இரண்டு ஏணி இருக்கும் வரை ஒற்றுமை நிலைக்காது போலும்.

வழக்கை மேல்முறையீட்டில் கேட்ட நீதிபதி ஜான் மைனர் விஸ்டம் 1969 ஜூலையில் தீர்ப்பளித்தார். வெள்ளையரை இருக்கும் இடத்திலிருந்து இறக்க அவர் ஒப்பவில்லை. இருந்தபடியே இருக்கட்டும் என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. இனி வரும் காலியிடங்களில், தகுதியுடைய கறுப்பர் தம் முழுப் பணிமூப்பைக் கொண்டு போட்டியிடலாம் என்றார். அதற்கு வழங்கும் பெயர் 'உரிய இடம்' என்பது. நிதானமான தீர்ப்பு, ஆனால் இருபது ஆண்டு இழந்த கூலியை அது திருப்பித் தரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்துச் சொல்வது ஆசிரியனாகிய எனக்குச் சங்கடம் தருவது. அவ்வாலையில் எழுத்துத் தேர்வுகளும் இருந்தன. அத்தேர்வுகளை எழுதாமலே சேர்ந்த வெள்ளையர் பல்லாண்டு செவ்வனே பணி செய்துவந்தனர். கறுப்பர்க்குக் கதவு திறக்கும் காலத்தில் தேர்வு தடையாக நின்றது. ஹிக்ஸ் தொடுத்த வழக்கில், அத்தேர்வுகளுக்கும் வேலைக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என நீதிமன்றம் 1970இல் கூறியது. அதே வகைத் தேர்வுகளையும் உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழையும் வைத்து ஆள் கழித்த ஒரு மின்நிறுவனத்தின் வழக்கில், 1971இல் அமெரிக்க உச்சநீதிமன்றமும் வேலைக்குத் தொடர்பற்ற தகுதி விதிகளைச் செல்லாது என்றது. முப்பது ஆண்டுகளாகச் சான்றிதழ் வழங்கும் கையுடையவன் நான். சான்றிதழ் ஒருவனை ஏற்றிவிடும் படியாகவும் இருக்கிறது; தாண்டவொண்ணாத வேலியாகவும் நாட்டப்படுகிறது. எனினும் அவ்வேலியை அடையாளம் காட்டியதும் படித்தவரே. விதியைப் படித்து, நகலெடுத்து, வழக்கறிஞரிடம் கொண்டு சென்றவர்களே.

நம் நாட்டிலும் பணிமூப்பு வழக்கு ஓய்ந்ததில்லை. பதவி உயர்வில் இடஒதுக்கீடு இல்லை என 1992இல் உச்சநீதிமன்றம் கூறவே, 1995இல் 77ஆவது திருத்தம் வந்தது. அவ்வாறு உயர்ந்தவரின் மூப்பைக் காக்க 2001இல் 85ஆவது திருத்தமும் தேவைப்பட்டது. இவை யாவும் அரசுப் பணிக்கே. பொகலூசா ஆலையோ தனியாருடையது. நம் மரவாடிகளிலும் அறுப்பு ஆலைகளிலும் சுமை தூக்கும் நம்மவர்க்கு மூப்புப் பட்டியல் என்ற ஒன்றே எழுதப்படுவதில்லை. இச்சபையிலே அமர்ந்திருக்கும் தந்தைமார் சிலர் அதற்குச் சாட்சி.

ஆகவே நிர்வாகக் குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கம் உதவிப் பணம் தந்து படிக்க வைத்தவர்கள் பல அலுவலகங்களில் இருக்கின்றனர். அவரவர் துறையின் பணிவிதிகளையும் மூப்புப் பட்டியலையும் திரட்டி, நம் படிப்பகத்தில் ஒரு பேரேடு வைக்க வேண்டும். பட்டியல் வெளியான உடனே தன் பெயர் எவ்வெண்ணில் உள்ளது, எந்த நாளிலிருந்து மூப்பு எண்ணப்பட்டது, மறுப்புத் தெரிவிக்கக் கடைசி நாள் எது என்பவற்றைப் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு மாலை அப்பணிக்கு நான் வரச் சித்தமாக இருக்கிறேன். பேரேட்டுக்கான செலவை என் பெயரில் எழுதிக்கொள்ளுமாறு பொருளாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.