மூலநிரலைத் திறந்து காட்டினால்

கோவிட் காலத்தில் சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குள் நுழையும்போது, தொற்றுத் தொடர்புகளைத் தடமறியும் ‘டிரேஸ்டுகெதர்’ செயலியையோ அதற்கு ஈடான, கைக்கு அடக்கமான கருவியையோ காட்டிய நாட்கள் நினைவிருக்கும். 2020 மார்ச் 20-ஆம் தேதி அறிமுகமான அந்தச் செயலியின் அடிப்படை மூலநிரலை, அடுத்த மாதமே ‘ஓப்பன்டிரேஸ்’ என்ற பெயரில் அரசு பொதுவில் வைத்தது. யாரும் படிக்கலாம், மாற்றலாம். ஆஸ்திரேலியா தன் செயலியை அதை வைத்தே உருவாக்கியது. ‘நாம் போகும் இடமெல்லாம் பதிவாகுமோ?’ என்ற அச்சத்துக்கு நிரலே பதில் சொன்னது. அப்போதைய நிரல்படி, புளூடூத் வழியாக அருகிலிருந்த கைப்பேசிகளை மட்டுமே செயலி குறித்துக்கொண்டது. பாராட்ட வேண்டிய செயல்தான்.

ஆனால் சேர்ந்த தகவலை யார் கேட்டு வாங்கலாம் என்பதை நிரல் சொல்லாது. குற்ற விசாரணைக்குக் காவல்துறையும் பெறலாம் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்ததும் மக்கள் கொதித்தார்கள். ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே என்று பிப்ரவரியில் சட்டம் வந்தது.

அதனால்தான், தகவலை மிகக் குறைவாகவே சேர்த்து வைக்கும் மென்பொருளை நான் விரும்புகிறேன். செய்தி அனுப்பும் செயலியான ‘சிக்னல்’ அப்படிப்பட்டது. நிரல் திறந்தே இருக்கிறது. நம் உரையாடலை அந்த நிறுவனத்தாலும் படிக்க முடியாது. காசும் வேண்டாம். அதை நிறுவும்போது ஒன்று மட்டும்: ஃபேஸ்புக் விளம்பரத்திலோ வாட்ஸ்அப் இணைப்பிலோ வரும் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) தொடாதீர்கள். கைப்பேசியின் அதிகாரபூர்வச் செயலிக் கடையிலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள்.