தேவாரம் வாசிக்க மறுத்த மாணவி

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பண்டாரவளைப் பகுதியில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன் நான். பிறப்பால் சைவன், பணிபுரிவதும் ஓர் இந்துக் கல்லூரியில். எனவே கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றி நான் பேச வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பறையில் நிகழ்ந்த ஒரு சம்பவமே இந்த உரைக்குக் காரணம். அதில் தவறு இழைத்தவன் நான் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

உயர்தர வகுப்பில் பக்தி இலக்கியம் நடத்திக்கொண்டிருந்தேன். அப்பர் சுவாமிகளின் பதிகம் ஒன்றை மாணவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வாசித்தார்கள். தோட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவியின் முறை வந்தது. எழுந்து நின்றாள், வாசிக்கவில்லை.

"சேர், இத என்னால வாசிக்க முடியாதுங்க" என்றாள் மெல்லிய குரலில்.

அவளுடைய குடும்பம் அண்மையில் ஒரு ஜெப சபையில் சேர்ந்திருந்ததை நான் அறிவேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இது பூசையா, பாடமா? இந்த வேதக்காரர்களே இப்படித்தான்" என்று வகுப்பு முழுவதும் கேட்கச் சொல்லிவிட்டேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சேர், நானும் வேதம்தான். நான் வாசிக்கிறேன்" என்றான். கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. பதிகத்தைப் பிழையின்றி, சீர்பிரித்து, நன்றாகவே வாசித்தான். அந்தப் பெண் தலையைக் குனிந்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் காட்சியே மனத்தில் நின்றது. ஒரே வகுப்பில் இரண்டு கிறிஸ்தவப் பிள்ளைகள். ஒருத்திக்கு வாசிக்க மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. மற்றவனுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. இருவரையும் 'வேதக்காரர்' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டேன். சொற்களைப் பிரித்துப் பொருள் காண்பதே தொழிலாகக் கொண்ட ஒரு தமிழாசிரியன் செய்யக்கூடிய காரியமா அது?

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார்; கிறிஸ்தவர். அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு விவிலியத்தை எடுத்து, கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தைப் புரட்டிக் காட்டினார். விக்கிரகத்துக்குப் படைத்த உணவை உண்ணலாமா என்பதே அங்கே பேசப்படும் விடயம். உண்பதால் குறையொன்றுமில்லை என்று தெளிந்தவர்களும் இருந்தார்கள். உண்டால் மனச்சாட்சி கறைபடும் என்று அஞ்சியவர்களும் இருந்தார்கள். தெளிந்தவன் தன் தெளிவைக் கொண்டு அஞ்சுகிறவனை இடறச் செய்யலாகாது என்பது பவுலின் அறிவுரை. "உங்கள் வகுப்பில் இருந்த இரண்டு பிள்ளைகளும் கொரிந்துவிலும் இருந்திருக்கிறார்கள், மாஸ்டர்" என்றார் அவர்.

நேயர்களே, அதன் பின்னரே இந்த வேறுபாடுகளைக் கவனிக்கத் தொடங்கினேன். நமது தோட்டங்களில் ஒரே லயத்தில் மூன்று விதமான கிறிஸ்தவ வாழ்க்கையைக் காணலாம். ஒரு வீட்டில் வேளாங்கண்ணி மாதாவின் படமும் அந்தோனியார் சுரூபமும் இருக்கும். செவ்வாய்க்கிழமையில் மெழுகுதிரி எரியும். இன்னொரு வீட்டில் படம் எதுவும் இராது. பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும், கீர்த்தனைப் புத்தகமும் மாத்திரம் இருக்கும். மூன்றாவது வீட்டில் மாலை நேரத்தில் கைதட்டிப் பாடுவார்கள், நோயாளிக்காக உரத்து ஜெபிப்பார்கள். அவ்வீட்டுப் பெண்கள் பொட்டு வைப்பதில்லை. கோயில் பிரசாதத்தைத் தொடுவதில்லை. மாதாவிடம் மன்றாடுவது முதல் வீட்டாருக்கு ஆறுதல். மூன்றாம் வீட்டாருக்கு அது தவறு.

கத்தோலிக்கருக்குள்ளேயும் கருத்து ஒன்றல்ல. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்களின் மொழிக்குக் கதவைத் திறந்தது. இலத்தீனில் நடந்த பூசை தமிழில் திருப்பலியாயிற்று. 1969இல் இந்திய ஆயர்கள் கேட்டபடி, தரையில் அமர்தல், கைகூப்பி வணங்குதல், ஆரத்தி எடுத்தல் முதலிய பன்னிரண்டு அம்சங்களுக்கு உரோமாபுரி அனுமதி அளித்தது. சிலர் அதைத் தாய்வீட்டுக்குத் திரும்பியதுபோல் வரவேற்றார்கள். சிலர் 'இது என்ன, ஆலயத்தைக் கோயிலாக்குகிறார்களா?' என்று முகஞ்சுளித்தார்கள்.

கடவுளைக் குறிக்கும் சொல்லிலேகூட இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். பழைய கத்தோலிக்க நூல்களில் அவர் 'சருவேசுரன்'. பப்ரீசியுஸ் ஐயரின் மொழிபெயர்ப்பில் 'பராபரன்'. பின்னர் சீர்திருத்த சபைகளின் வேதாகமத்தில் 'தேவன்'. கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து உழைத்து 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் 'கடவுள்'. ஆயினும் பழைய வேதாகமத்தில் ஊறியவர்கள் பலர் 'தேவன்' என்ற சொல்லை விட்டுக்கொடுக்கவில்லை. ஜெபிக்கும்போது நாவுக்குப் பழகிய சொல் மாறினால் நெஞ்சு தடுமாறுகிறது. நம்முடைய ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணைநின்றவர் என்பதை நீங்கள் அறிவீர்கள். சைவத்தின் காவலராக விளங்கிய அவருடைய கையும் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வேத வரலாற்றில் பட்டிருக்கிறது.

இவ்விடத்தில் நமது ஊவா மாகாணத்தில் வாழ்ந்து மறைந்த ஒருவரைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1972இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, வசதி குறைந்த இந்தப் புதிய மறைமாவட்டத்துக்கு வந்தார். குருத்துவப் பயிற்சி பெறுவோர் நான்கு சுவர்களுக்குள் மட்டும் படியாமல் கிராமத்திலும் தோட்டத்திலும் வாழும் மக்களோடு கலந்து பயில வேண்டும் என்ற நோக்கத்துடன் 'சேவக செவண' என்ற நிலையத்தை இதே பண்டாரவளையில் அமைத்தார். அங்கே பணிபுரிந்தவர்களுள் ஒருவர் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த மைக்கல் ரொட்ரிகோ அடிகளார். மேனாட்டில் உயர்கல்வி கற்றவர். கண்டிக் குருத்துவக் கல்லூரியில் கற்பித்தவர்.

அவர் 1980இல் புத்தளைக்கு அருகிலுள்ள அலுகலவிட்ட என்ற கிராமத்துக்குச் சென்றார். அது பௌத்த மக்கள் வாழும் ஏழைக் கிராமம். 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது பாழான வெல்லஸ்ஸைப் பிரதேசம். கிறிஸ்தவம் என்றால் துப்பாக்கியோடு வந்தவர்களின் மதம் என்ற நினைவு அங்கே மங்கவில்லை. அடிகளார் அங்கே ஆலயம் எழுப்பவில்லை. மதம் மாற்றவும் முற்படவில்லை. மண் வீட்டில் குடியிருந்து அதற்கு 'சுப செத் கெதர' என்று பெயரிட்டார். நல்வாழ்த்தின் இல்லம் என்று பொருள் கொள்ளலாம். இரண்டு அருட்சகோதரிகளும் உடனிருந்தார்கள். விகாரையின் பிக்குமாரோடு நட்புப் பூண்டு, விவசாயிகளின் துன்பத்தில் பங்கெடுத்தார். 1987 நவம்பர் 10ஆம் திகதி மாலை, அந்த வீட்டில் திருப்பலியை நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஒருவரையும் மதம் மாற்ற விரும்பாத இந்தக் குருவானவர் கிறிஸ்தவர். வீடு வீடாகச் சென்று 'ஆண்டவரை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று அழைப்பவரும் கிறிஸ்தவரே. முன்னவர் தம் கடமையை மறந்துவிட்டார் என்று பின்னவர் சொல்லக்கூடும். பின்னவர் அயலவரின் மனத்தைக் காணவில்லை என்று முன்னவரைப் போற்றுவோர் சொல்லக்கூடும். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அடிகளாரின் வரலாற்றைப் படித்தபோது என் மனம் அவர் பக்கமே சாய்ந்தது என்பதை மறைக்கவும் மாட்டேன். ஆயினும் அதற்குப் பின் ஒரு மரண வீடு என்னைச் சற்று நிதானிக்கச் செய்தது.

அந்த மாணவியின் அம்மாயி இறந்துபோனார். நான் தோட்டத்துக்குச் சென்றேன். கிழவி கடைசிவரை மாரியம்மனைக் கும்பிட்டவர். வாசலில் தப்பு முழங்கிக்கொண்டிருந்தது. மாணவியின் தாய் சபையைச் சேர்ந்தவர். வாய்க்கரிசி போட மறுத்துவிட்டார். உறவினர்களிடையே சலசலப்பு எழுந்தது. "பெத்த தாய்க்கு ஒரு பிடி அரிசி போட மாட்டாளாம்!" என்று ஒருவர் சத்தமிட்டார். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. தாயின் தலைமாட்டில் நின்று கண்களை மூடிக்கொண்டார். சபையின் பாஸ்டர் உள்ளே வந்து ஜெபிக்க முற்படாமல், வெளியே வாங்கில் அமர்ந்திருந்தார்.

அப்போது பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர், திருநீறு பூசிய நெற்றியோடு எழுந்தார். "மூணு வருசமா படுக்கையில கெடந்த கெழவிக்குப் பீ மூத்திரம் அள்ளினது யாரு? இப்ப அரிசி போடுறது பெருசா, உசிரோட இருக்கையில கஞ்சி ஊத்தினது பெருசா? மகன் போடட்டும். தங்கச்சிய விடுங்க" என்றார். சத்தம் அடங்கியது. மகன் வாய்க்கரிசி போட்டார். தப்பும் நிற்கவில்லை, மகளின் ஜெபமும் நிற்கவில்லை. பிரேதம் புறப்பட்டது.

எல்லா மரண வீடுகளும் இப்படி முடிவதில்லை என்பது எனக்குத் தெரியும். அயலவர் வணங்கும் அம்மனைப் பேய் என்று ஒலிபெருக்கியில் சொல்லும் பிரசங்கமும் நடக்கிறது. சபைக்குப் போனவர்கள் என்பதற்காகப் பீலித் தண்ணீர் பிடிக்க விடாமல் தடுக்கும் லயங்களும் இருக்கின்றன. இரண்டும் புண்படுத்துகின்றன. அந்த முதியவர் எந்த மதத்தையும் ஆராய்ந்தவர் அல்லர். அடுத்த வீட்டுப் பெண்ணை மூன்று வருடங்களாகக் கண்ணால் பார்த்தவர், அவ்வளவுதான். அலுகலவிட்டவில் அடிகளார் மேற்கொண்டதும் அந்த அடுத்த வீட்டு வாழ்க்கையைத்தானே!

அடுத்த வாரம் வகுப்பில், எல்லோர் முன்னிலையிலும் நான் சொன்ன வார்த்தைக்கு வருத்தம் தெரிவித்தேன். எல்லோர் முன்னிலையிலும் சொன்ன குற்றத்துக்குத் தனியறையில் வருந்துவது நியாயமாகாது. பின்னர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையைப் பற்றிப் பேசினேன். 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, முப்பது வயதுக்குப் பின் ஞானஸ்நானம் பெற்றவர். யோன் பனியனின் ஆங்கில நூலைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியத்தை 1894இல் தந்தவர். 'கிறிஸ்தவக் கம்பர்' என்று தமிழுலகம் அவரைப் போற்றும். அக்காப்பியத்தில் இடையிடையே இசைப் பதிகங்கள் வரும். அவற்றுக்கு அவர் இட்ட பெயர் 'தேவாரம்'. இயேசுவைப் பாடுவதற்கும் அவருக்குத் தேவாரமே தேவைப்பட்டது. அவர் சமயத்தை மாற்றிக்கொண்டார், தமிழை மாற்றிக்கொள்ளவில்லை.

மாணவியின் முகத்தைப் பார்த்தேன். இந்தச் சான்றோடு அவள் இணங்கிவிடுவாள் என்று என் உள்மனம் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் எழுந்தாள்.

"சேர், அப்பரும் மதம் மாறினவர்தானேங்க?"

வகுப்பு அமைதியாயிற்று. நான் பதில் சொல்லுமுன் அவளே தொடர்ந்தாள். "சமணத்துக்குப் போய்த் தருமசேனர் ஆனார். சூல நோய் வந்து திரும்ப இந்தப் பக்கம் வந்தார்னு நீங்கதான் படிச்சுக் குடுத்தீங்க. ராசா எவ்வளவு வதைச்சும் அவர் விட்டுக் குடுக்கல. எங்க வீட்டுக்கும் ஒரு நோய் இருந்திச்சிங்க சேர். அப்பாவோட குடி. சபையில இருந்து தினமும் வந்து பேசித்தான் அது நின்னிச்சு. அதனாலதான் அம்மா மாறினாங்க."

நேயர்களே, இருபது வருடங்களுக்கு மேலாக அப்பரைக் கற்பித்து வருகிறேன். சூலை நோயையும், திலகவதியார் திருநீறு அளித்ததையும், நீற்றறையையும், கல்லோடு கட்டிக் கடலில் இட்டதையும் பெரியபுராணத்தின் வழி நின்று உருக்கமாகச் சொல்லியிருக்கிறேன். ஆயினும் 'மதம் மாறியவர்' என்ற சொல்லை அவர்மீது வைத்து ஒருநாளும் பார்த்ததில்லை. நம்மிடம் வந்தவரை 'ஆட்கொள்ளப்பட்டவர்' என்கிறோம். நம்மைவிட்டுப் போனவரை 'மாறிவிட்டவர்' என்கிறோம். அப்பரைச் சமணர்கள் எந்தச் சொல்லால் நினைத்திருப்பார்கள்?

அந்த மாணவி கடைசிவரை அப்பர் பதிகத்தை வாய்விட்டு வாசிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அவளுடைய முறை வரும்போது பின்வரிசை மாணவன் எழுந்து வாசிப்பான். பொருளை அவள் சொல்லுவாள். தவணைப் பரீட்சையில் அப்பரைப் பற்றிய வினாவுக்கு வகுப்பிலேயே சிறந்த விடை அவளுடையது. அதன் இறுதியில், கேட்கப்படாத ஒரு வாக்கியத்தை எழுதியிருந்தாள். அது தன்னுடைய விசுவாசம் அல்ல என்றும், ஆனால் அப்பர் ஏன் அஞ்சவில்லை என்பது தனக்குத் தெரியும் என்றும்.

புள்ளித் திட்டத்தில் அந்த வாக்கியத்துக்கு இடமில்லை. முழுப் புள்ளியும் கொடுத்தேன்.