தொலைஞ்ச பிள்ளையும் தொலைக்கப்பட்ட பிள்ளையும்

(மெல்பேர்ணில் எமது குழு நடத்திய திரையிடலின் பின்னர் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



நாங்கள் கூடியிருக்கிறது குலின் தேசத்து வுருண்ட்ஜெரி மக்களின்ர நிலம். அதின்ர இறைமையை அவர்கள் ஒருநாளும் விட்டுக்குடுக்கேல்லை. கூட்டம் தொடங்க முதல் நாங்கள் வழக்கமாச் சொல்லுற வசனம்தான். ஆனா இண்டைக்கு நான் கதைக்கப்போறது முழுக்க அந்த வசனத்துக்குள்ளதான் நிக்குது.

பள்ளி விடுமுறையில எங்கட பிள்ளையளுக்கு ஒரு அவுஸ்திரேலியக் கார்ட்டூன் படம் காட்டுவம் எண்டு போன கூட்டத்தில பேச்சு வந்தது. பட்டியல்ல ‘டொட் அண்ட் த கங்காரு’ இருந்தது. உடனே ரெண்டு தாய்மார் சொல்லிச்சினம், அந்தப் பன்யிப் பாட்டை வெட்டிப்போட்டுக் காட்டுங்கோ, பிள்ளையள் இரவில நித்திரை கொள்ளாதுகள் எண்டு. இப்ப நீங்களும் பாத்திட்டியள். குகைச் சுவரில இருந்து அந்த உருவம் எழும்பி வரேக்க முன்வரிசையில ஒராள் கதிரையைப் பின்னுக்கு இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. ஆரெண்டு சொல்லமாட்டன்.

என்ர வாதம் இதுதான்: பன்யிப்பை வெட்டவேண்டாம். இந்தப் படத்தில பயப்பட வேண்டிய இடம் வேற.

பிந்தி வந்தவைக்காகக் கதையை ரெண்டு நிமிசத்தில சொல்லுறன். டொட் எண்ட சின்னப் பிள்ளை காட்டுக்குள்ள வழி தவறிப்போறாள். தன்ர குட்டியைப் பறிகுடுத்த தாய்க் கங்காரு ஒண்டு அவளைக் காணுது. ஒரு வேரைத் தின்னக் குடுக்குது. திண்டதும் மிருகங்களின்ர பாசை அவளுக்கு விளங்குது. வெறுமையாக் கிடக்கிற தன்ர பைக்குள்ள அவளை இருத்திக்கொண்டு வீடு தேடிப் பாயுது. இடையில குகை, பன்யிப், ஈட்டியோட வேட்டைக்காரர், டிங்கோ நாய்கள். கடைசியில டொட் வீட்டுக்கு வந்து சேருறாள். கங்காரு நிக்கேல்லை. மனுசரை நம்ப ஏலாது எண்டு காட்டுக்குள்ள திரும்பிப் போகுது. பிள்ளை கத்திக் கத்திக் கூப்பிடுறாள். படம் முடிஞ்சுது.

மூலக்கதையில இப்பிடி இல்லை. எதெல் பெட்லி எண்ட, லண்டனில பிறந்து சிட்னியில சங்கீதம் படிப்பிச்ச பெண் எழுதின புத்தகம் அது. அவ செத்து அடுத்த வருசம், 1899இல, வெளிவந்தது. அதில கங்காருவுக்குக் குட்டி திரும்பக் கிடைக்கும். 1977இல படம் எடுத்தவர் அந்த ஆறுதலை எடுத்துப்போட்டார்.

ஆர் அவர்? யோரம் குரோஸ். 1926இல போலந்தின் கிராக்கோவில பிறந்த யூதர். நாசி ஆக்கிரமிப்புக் காலத்தில இடம் மாறி மாறி ஒளிச்சிருந்து தப்பின பெடியன். பிறகு இஸ்ரேல், 1968இல சிட்னி. எங்கட தம்பி தங்கச்சியள் பாத்து வளந்த ‘பிளிங்கி பில்’ கரடியும் அவற்றை ஸ்டூடியோவில இருந்து வந்ததுதான். 80களின்ர தொடக்கத்தில சாரா எண்ட சிறுமி போர்க்காலத்தில காட்டுக்குள்ள ஒளிச்சு வாழுற கதையையும் படமா எடுத்தவர். அந்தப் படத்தைத் தெரிஞ்சவைக்கு டொட்டும் கங்காருவும் மூச்சை அடக்கிக்கொண்டு பதுங்கியிருக்கிற காட்சியள் வேற மாதிரித் தெரியும். ஒளிச்சிருக்கிறதெண்டால் என்னெண்டு உடம்பால தெரிஞ்ச ஒராள் எடுத்த காட்சியள் அவை. இது என்ர வாசிப்பு. அவர் அப்பிடிச் சொன்னார் எண்டு நான் சொல்லவரேல்லை.

இனி மொழிக்கு வருவம். இந்தப் படத்தில ரெண்டு பிள்ளையைக் காணேல்லை. டொட்டைக் காணேல்லை, குட்டியைக் காணேல்லை. ஆங்கிலத்தில ரெண்டுக்கும் ஒரே சொல்லுப் போதும். தமிழில எங்களுக்குப் போதாது. காணாமல் போறது வேற, காணாமல் ஆக்கப்படுறது வேற எண்டு எங்கட தாய்மார் உலகத்துக்கே இலக்கணம் படிப்பிச்சிருக்கினம். 2017 பெப்ரவரியில கிளிநொச்சியில பந்தல் போட்டுக் குந்தின நாளில இருந்து அவை விட்டுக்குடுக்காத சொல் அது. ‘போனோர்’ இல்லை, ‘ஆக்கப்பட்டோர்’. அந்த இலக்கணத்தை வைச்சுப் பாத்தால், டொட் காணாமல் போனவள். குட்டி காணாமல் ஆக்கப்பட்டது. ஆனா முழுப் படமும் ஆரைத் தேடுது? டொட்டை.

இது இந்தப் படத்தோட தொடங்கின வழக்கம் இல்லை. காட்டுக்குள்ள தொலைஞ்ச வெள்ளைப் பிள்ளை எண்டது இந்த நாட்டின்ர பழைய கனவு, பழைய பயம். 1864 ஓகஸ்டில, விக்டோரியாவின்ர மேற்கில ஹோர்சம் பக்கம், டஃப் குடும்பத்துப் பிள்ளையள் மூண்டு பேர் காட்டுக்குள்ள போய் ஒன்பது நாள் காணேல்லை. வெள்ளைக்காரர் தேடித் தேடிக் களைச்சாப் பிறகு ஆதிக்குடித் தடங்காணிகளைக் கூப்பிட்டினம். அவை உயிரோட கண்டுபிடிச்சினம். அதில ஒராளை ‘டிக்-அ-டிக்’ எண்டு வெள்ளையர் கூப்பிட்டவை, வொட்ஜோபலுக் மனிதர், நாலு வருசத்துக்குப் பிறகு இங்கிலாந்துக்குப் போன ஆதிக்குடி கிரிக்கெட் அணியில விளையாடினவர். பள்ளிக்கூடப் புத்தகத்தில ஏறின கதை, தன்ர சட்டையைக் கழட்டித் தம்பிக்குப் போத்துவிட்ட ஏழு வயது ஜேனின்ர வீரம். தடம் பாத்தவை ஓரத்தில நிண்டினம்.

ஃபெடரேஷன் ஸ்குவயரில இருக்கிற கலைக்கூடத்துக்குப் போனால் மக்கபின் கீறின ‘தொலைந்தவள்’ எண்ட ஓவியத்தைப் பாக்கலாம். உயர்ந்த மரங்களுக்கு நடுவில ஒரு சிறுமி, முகத்தைத் துடைச்சுக்கொண்டு நிக்கிறாள். 1886. வடிவான படம், நானும் அதுக்கு முன்னால நெடுநேரம் நிண்டிருக்கிறன். அதே 1886இல விக்டோரியா பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ‘கலப்பு’ எண்டு முத்திரை குத்தின, 35 வயதுக்குக் குறைஞ்ச ஆதிக்குடி மக்களை ஒதுக்கிடங்களை விட்டு வெளியேத்துற சட்டம். ஹீல்ஸ்வில்லுக்குப் பக்கத்தில, இதே வுருண்ட்ஜெரி நிலத்தில, கொரண்டெர்க் எண்ட இடத்தில விவசாயம் செய்து, மனு எழுதி, மெல்பேர்ணுக்கு நடந்து வந்து உரிமை கேட்ட மக்களை அது பிரிச்சுப்போட்டது. குடும்பங்கள் உடைஞ்சுது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1910 முதல் 1970 வரை ஆதிக்குடிப் பிள்ளையளில பத்தில ஒண்டு முதல் மூண்டில ஒண்டு வரை தாய் தகப்பனிட்ட இருந்து பிடுங்கப்பட்டதா 1997இல வந்த ‘பிரிங்கிங் தெம் ஹோம்’ அறிக்கை சொல்லுது. ஒரு பக்கம் தொலைஞ்ச வெள்ளைப் பிள்ளைக்கு ஓவியம், பாட்டு, படம். மற்றப் பக்கம் பிள்ளை பிடிக்கிறதுக்குச் சட்டம்.

இப்ப படத்துக்குத் திரும்பி வாங்கோ. திரையில எங்களைத் துரத்துறது ஆர்? ஈட்டியோட வாற ஆதிக்குடி வேட்டைக்காரர். அந்த வேட்டைக்காரரையே ஆர் துரத்தினது எண்டது படத்தில இல்லை. எனக்கு இந்தப் படத்தில உண்மையாப் பயம் வந்த இடம் அதுதான். தன்னைத் துரத்தினவையிட்ட இருந்து தப்பி வந்த ஒரு அகதிக் கலைஞர், வந்து சேர்ந்த நிலத்தில, துரத்தப்பட்ட மக்களைத் துரத்துறவையாக் கீறியிருக்கிறார். கெட்ட எண்ணம் எண்டு நான் நினைக்கேல்லை. புத்தகத்தில இருந்ததை எடுத்தார். ஆனா இந்தப் படத்தின்ர நுட்பத்தைப் பாருங்கோ: காடு உண்மையான காடு, புளூ மவுண்டன்ஸ் பக்கம் கமராவால பிடிச்சது. அதுக்கு மேல மனுசரையும் மிருகங்களையும் கீறி ஒட்டியிருக்கினம். நிலம் அசல், நாங்கள் மேல ஒட்டின ஆக்கள்.

பன்யிப் பயத்துக்கு இதில என்ன வேலை எண்டு கேப்பியள். ஈழத்தில இருந்து ஒரு உதாரணம் சொல்லுறன். 2011 ஓகஸ்டில ‘கிறீஸ் பூதம்’ வந்தது ஞாபகம் இருக்கோ? எங்கட வயசுக்காரருக்கு அது ரெலிபோனில கேட்ட கதை. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில பெண்களைத் தாக்குது, பிடிச்சால் வழுக்கிக்கொண்டு ஓடுது. பழைய கள்ளன் கதையின்ர புது உரு. கொழும்பில சிரிச்சினம், பேய்க்கதை எண்டு. ஆனா கிழக்கிலயும் யாழ்ப்பாணத்திலயும் துரத்திக்கொண்டு போன சனம், அந்த உருவங்கள் படைமுகாம் பக்கம் ஓடினதா ஊருக்கு ஊர் சொல்லிச்சினம். படைத்தரப்பு மறுத்தது. நாவாந்துறையில ஓகஸ்ட் 22 இரவு முகாமுக்கு முன்னால போய்க் கேட்ட சனத்துக்குக் கிடைச்ச பதில், வீடு வீடாப் புகுந்து அடி, நூறுபேரளவில கைது. பூதம் எண்ட சொல் அங்க செய்த வேலையைப் பாருங்கோ. சனத்துக்கு அது பேர் சொல்ல ஏலாத ஒண்டுக்கு வைச்ச பேர். அதிகாரத்துக்கு அதே சொல், சனத்தை மூடநம்பிக்கைக்காரர் ஆக்குற வழி.

பன்யிப்புக்கும் இதுதான் நடந்தது. சொல்லே விக்டோரியாவின்ர வேர்காயா, வெம்பா வெம்பா மொழியள் பக்கம் இருந்து வந்தது. டஃப் பிள்ளையளைக் கண்டுபிடிச்ச மனிதரின்ர மொழிப்பக்கம். குளத்திலயும் ஆத்து மடுவிலயும் இருக்கிற சீவன். ஆழத்துக்குப் போகாத எண்டு பிள்ளையளுக்குச் சொல்லுற கதையும்தான். கிணத்தடிக்குத் தனியப் போகாத, உள்ளுக்குப் பூதம் இருக்கு எண்டு சொன்ன அம்மம்மாமாரின்ர பேரப்பிள்ளையளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வெள்ளையரின்ர கையில அது முதல்ல காட்சிப்பொருளானது. 1847இல மறம்பிட்ஜி ஆத்துப் பக்கம் எடுத்த ஒரு மண்டையோட்டை சிட்னி அவுஸ்திரேலியன் மியூசியத்தில வைக்க, சனம் முண்டியடிச்சுது. கடைசியில பாத்தால் உருக்குலைஞ்ச குதிரைக்குட்டியின்ரயோ கண்டுக்குட்டியின்ரயோ மண்டை. பிறகு பன்யிப் எண்டால் போலி எண்டு அர்த்தம் வந்தது. (1853இல வென்ட்வர்த் இங்க பரம்பரைப் பிரபுக்களை உருவாக்க வெளிக்கிட, டெனிஹி எண்ட பேச்சாளர் அதைப் ‘பன்யிப் பிரபுக்கள்’ எண்டு நக்கலடிச்சே கவிழ்த்துப்போட்டார். அந்த ஒரு பாவனையை மட்டும் நான் மன்னிக்கிறன்.) கடைசியில அது கார்ட்டூன்.

ஆனா அதுக்கு முதல் அது வேறயொண்டு. அராரற் பக்கம், ஜப் வுருங் மக்களின்ர நிலத்தில, ஃபயரி கிரீக் எண்ட ஓடைக்கரையில ஒரு பன்யிப்பின்ர உருவம் நிலத்திலயே கீறியிருந்தது. பதினொரு காலடி நீளம், நாலு காலடி அகலம். ஒரு மனிதனைக் கொன்ற பன்யிப்பை அந்த இடத்தில ஈட்டியால குத்தினதெண்டு கதை. 1850களின்ர நடுப்பகுதி வரைக்கும் அந்த மக்கள் வருசாவருசம் அங்க போய், புல் மூடின கோட்டைத் திரும்பவும் வெட்டிக் கீறிவிட்டவையாம். யோசிச்சுப் பாருங்கோ. நிலம் பறிபோய், ஆடு மேயுற பண்ணையாகி, ஆக்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த வருசங்கள் அவை. அதுக்குள்ளயும் போய்க் கோட்டைப் புதுப்பிச்சிருக்கினம், எங்கட துயிலுமில்லங்களில இடிச்ச கல்லைப் பொறுக்கி அடுக்கிற மாதிரி. இப்ப அந்த உருவம் இல்லை. கீற வாறவை இல்லாமல் ஆக்கப்பட, புல் மூடிப்போட்டுது.

அதே ஜப் வுருங் நிலத்தில, நெடுஞ்சாலை அகலப்படுத்துறதுக்காக, அவை புனிதமாக் கருதின ஒரு மரத்தை 2020 ஒக்டோபர் 26 தறிச்சினம். மெல்பேர்ண் லொக்டவுன் முடியுதெண்டு அறிவிச்ச அதே நாள். ஊர் முழுக்கக் கோப்பிக் கடை திறக்கிற சந்தோசத்தில நிக்க, அங்க பொலிஸ் மரத்தடியில நிண்ட ஆக்களை இழுத்துக்கொண்டு போனது.

நாங்கள் இதில எங்க நிக்கிறம்? 2018 மார்ச் 5 விடியக்காலமை பிலோவீலாவில ஒரு தமிழ்க் குடும்பத்தின்ர கதவைத் தட்டினவை எங்கட பிள்ளையளையும் பிடிக்கிறவைதான். நாலு வருசம் கழிச்சு, 2022 யூனில, அந்தக் குடும்பத்தை ஊர்ச்சனம் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தது. அது எங்கட கதை, அதை நாங்கள் வடிவாச் சொல்லுவம். மற்றது, கிளைட்டிலயும் டாண்டினோங்கிலயும் வெந்த்வேர்த்வில்லிலயும் நாங்கள் வாங்கிற காணி. அதைச் சொல்லேக்க எங்கட குரல் கொஞ்சம் இறங்கும். துரத்தப்பட்டு வந்தனாங்கள் எண்டது உண்மை. துரத்தி எடுத்த நிலத்தில வீடு கட்டுறம் எண்டதும் உண்மை. குரோஸின்ர படம் அந்த ரெண்டையும் ஒரே சட்டகத்துக்குள்ள வைச்சிருக்குது, தனக்கே தெரியாமல். அதாலதான் இதைப் பிள்ளையளுக்குக் காட்டவேணும் எண்டு நான் நிக்கிறன்.

எப்பிடிக் காட்டுறது எண்டதுக்கு என்ர யோசனை: பன்யிப் பாட்டு முழுசா ஓடட்டும். பயந்தால் மடியில வந்து இருக்கட்டும், பயப்படாத பிள்ளை எங்க இருக்கு. வேட்டைக் காட்சி முடிஞ்சதும் படத்தை நிப்பாட்டுவம். பேப்பரும் கலர்ப் பென்சிலும் குடுத்து, படத்தில ஆரைக் காணேல்லை எண்டு கேட்டு அவையளையே கீறச் சொல்லுவம். எத்தினை பேர் டொட்டைக் கீறுதுகள், எத்தினை பேர் குட்டியைக் கீறுதுகள், வேற ஆரையும் கீறுதுகளோ எண்டு பாப்பம். அதுக்குப் பிறகு மிச்சப் படம்.

டிவிடி என்னட்ட இருக்குது. பிள்ளையளோட தரையில இருந்து தமிழில கதைக்கக்கூடிய மூண்டு பேர் வேணும். விருப்பமானவை தேத்தண்ணி குடிக்கேக்க என்னட்டப் பேர் குடுங்கோ. வேட்டைக் காட்சியையே காட்டக்கூடாது எண்டு நினைக்கிறவையும் இருப்பியள். முதல்ல நீங்கள் கதையுங்கோ.