மூத்த பெண்ணின் சுமையைப் பகிர்ந்திடுவோம்

(தோட்டப் பெற்றோர் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



பொழுது புலருமுன் எழுந்து, பெரட்டில் பெயர் கொடுத்து, நெற்றி விளக்குடன் நிரையில் இறங்குகிறவர்கள் நீங்கள். வெயில் ஏறுமுன் சீவினால்தான் மரத்தில் பால் நன்கு வடியும். ஆதலால் வேலை நேரத்தை நம் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ள இயலாது. ஆனால் தாய் வீட்டைவிட்டுப் புறப்பட்ட பிறகுதான் பிள்ளைகள் விழிக்க வேண்டும், பசியாற வேண்டும், பள்ளிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் வீட்டுப் பொறுப்பு யார் கையில் இருக்கிறது?

பெரும்பாலான வீடுகளில் விடை ஒன்றே. மூத்த பெண்ணின் கையில்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன். சில ஆண்டுகள் தோட்டப் பள்ளியில் பணியாற்றியவன். என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு சிறுமி முதல் பாடத்திலேயே கண்ணயர்ந்துவிடுவாள். சோம்பேறி என்று பலமுறை கடிந்துகொண்டேன். ஒருநாள் அவள் வீட்டுக்குச் சென்றபோதுதான் உண்மை விளங்கிற்று. தாயுடன் நாலரை மணிக்கே அவளும் எழுந்துவிடுகிறாள். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டு, பாத்திரம் துலக்கி, தம்பிமார் இருவருக்கும் சீருடை எடுத்துக் கொடுத்து, அதன் பிறகே தன் தலையை வாருகிறாள். பெரிய தம்பி அவளைவிட ஒரே வயது இளையவன். நான் சென்ற நேரத்தில் அவன் திடலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். அவளைக் கடிந்துகொண்டதை எண்ணி இன்றும் நான் வெட்கப்படுகிறேன். அத்தாயையும் குறை சொல்ல மாட்டேன். அவரும் அப்படியே வளர்ந்தவர்.

பிள்ளைகள் வீட்டு வேலை செய்யவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. செய்யத்தான் வேண்டும். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் செய்ய வேண்டும். அவரவர் வயதுக்கும் உடல் வலுவுக்கும் ஏற்பச் செய்ய வேண்டும்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு வேலையும் விளையாட்டே. அழுக்குத் துணியைக் கூடையில் போடும். செருப்புகளை வரிசையாக வைக்கும். ஐந்து, ஆறு வயதில் முருங்கைக்கீரை உருவலாம். கோழிக்குத் தீனி வைத்து முட்டை எடுத்து வரலாம். ஓரிரு முட்டை உடைந்தால் உடையட்டும்.

ஏழு முதல் ஒன்பது வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கே வேலையில் ஆர்வம் மிகுதி. அந்த ஆர்வத்தை நாம் வீணடித்துவிடுகிறோம். வாசல் பெருக்குதல், துணி மடித்தல், பள்ளிப் பையைத் தானே அடுக்குதல் ஆகியவை இவர்களால் ஆகும். இன்னொரு முக்கியமான பணியையும் இவர்களிடம் ஒப்படைக்கலாம். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில், நீர் மட்டத்தையொட்டி முட்டையிடுகிறது. நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தும் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை வாளிகளின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சிறுவனிடம் இந்தக் காரணத்தையும் கூறுங்கள். காரணம் தெரிந்த பிள்ளை, காவல்காரனைப் போல் தானே வீட்டைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கிவிடும். ஆழமான தொட்டி, பீப்பாய் ஆகியவற்றை மட்டும் பெரியவர்களே கழுவுங்கள். சிறுவர்கள் தலைகுப்புற விழ நேரிடும்.

நீர் சுமப்பதிலும் அளவு உண்டு. பத்து லிட்டர் வாளியில் உள்ள நீரின் எடை 10 கிலோ. எட்டு வயதுப் பிள்ளையின் எடையே ஏறத்தாழ 25 கிலோதான். அரை வாளிக்கும் குறைவாகவே தூக்கச் சொல்லுங்கள்.

பத்து வயதுக்கு மேல் அரிசி களையலாம், பாத்திரம் துலக்கலாம், கடைக்குச் சென்று கணக்கு ஒப்புவிக்கலாம். பத்து வெள்ளி கொடுத்தனுப்பி மீதியைச் சொல்லக் கேளுங்கள். வகுப்பில் நாங்கள் ஒரு வாரம் கற்பிப்பதை ஒரு நடையில் கற்றுவிடுவார்கள். கொதிக்கும் எண்ணெயும் அடுப்பும் பெரியவர் அருகில் இருக்கும்போது மட்டுமே. படிவம் ஒன்றுக்குச் சென்றபின் ஒரு சோறு, ஒரு குழம்பு சமைக்க ஆணும் பெண்ணும் கற்றுக்கொள்ளட்டும்.

ஆணுமா என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. பெரியோர்களே, பால் நிறுக்கும் தராசு இது ஆணின் வாளி, இது பெண்ணின் வாளி என்று பார்ப்பதுண்டா? நிரையில் கணவனுக்குச் சமமாக நின்ற மனைவி, வீடு திரும்பியதும் தனியாக அடுப்படியில் நிற்கிறார். அதைப் பார்த்து வளரும் பையன் துடைப்பத்தைத் தொட மறுப்பதில் வியப்பில்லை. வேலையில்லாத நாளில் தந்தை தம் தட்டைத் தாமே கழுவினால், மகனுக்கு வேறு உபதேசம் தேவைப்படாது.

வீட்டு வேலைக்குப் பழக்குவது வேறு, நிரைக்கு அழைத்துச் செல்வது வேறு. உங்களில் பலர் சிறு வயதில் மங்கு துடைத்தும் ஒட்டுப்பால் பொறுக்கியும் பெற்றோருக்கு உதவியிருப்பீர்கள். ஏழு முதல் பதினான்கு வயதுவரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு கூறிற்று. பள்ளி இருந்தும் பிள்ளைகள் பாதியில் நின்று மரத்துக்குச் சென்ற வரலாறு நாமறிந்ததே. சிறார், இளையோர் வேலைக்கான 1966-ஆம் ஆண்டுச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டபின், 15 வயதுக்குட்பட்டோர் சிறார் ஆவர். குறிப்பிட்ட சில இலேசான பணிகளைத் தவிர மற்றவற்றில் அவர்களை ஈடுபடுத்தலாகாது. சட்டம் ஒருபுறமிருக்கட்டும். சீவும் உளி, பாலை உறைய வைக்கும் அமிலம், களைக்கொல்லி ஆகியவை பிள்ளைகளின் கைக்கு எட்டவே கூடாது. அவற்றைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

வேலையைக் கற்பிக்கும் முறையிலும் நாம் தவறுகிறோம். பிள்ளை பெருக்கிய இடத்தை அவன் கண்ணெதிரே மீண்டும் பெருக்காதீர்கள். அதைவிட அவனைச் சோர்வடையச் செய்வது வேறில்லை. ஒருமுறை செய்து காட்டுங்கள், ஒருமுறை சேர்ந்து செய்யுங்கள், பிறகு விலகி நில்லுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் காசு கொடுப்பதை நான் விரும்புவதில்லை. பாட்டி வந்திருக்கும்போது அவன் காதில் விழும்படி இரண்டு வார்த்தை பாராட்டினால் போதும். பள்ளி நாட்களில் அரை மணி நேர வேலைக்கு மேல் வேண்டாம். தேர்வு ஆண்டில் இன்னும் குறைக்கலாம். அறவே நிறுத்திவிட வேண்டியதில்லை.

அடுத்த ஓய்வு நாளில் குடும்பத்தோடு அமர்ந்து, வீட்டு வேலைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் இப்போது அதைச் செய்பவரின் பெயரைக் குறியுங்கள். மூத்த பெண்ணின் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று தந்தையே எண்ணட்டும். பாதியை அடித்துவிட்டுத் தம்பிமாரின் பெயரை எழுதுங்கள்; ஓரிடத்தில் உங்கள் பெயரையும் எழுதுங்கள். அந்தத் தாள் அடுப்படிச் சுவரில் இருக்கட்டும்.