வெள்ளியில் எவ்வளவு வெள்ளி?

(பரிசளிப்பு விழாவில் மாணவர்களுக்கு ஆற்றிய உரை)

 

கடையில் பத்து வெள்ளி நோட்டை நீட்டுகிறோம். அது காகிதம்தானே, ஏன் 'வெள்ளி' என்கிறோம்? ஒரு காலத்தில் இந்நாட்டு டாலர் உண்மையிலேயே வெள்ளிக் காசாக இருந்தது. காசு போய்விட்டது, பெயர் மட்டும் நம் வாயில் நின்றுவிட்டது.

ஆனால், எல்லாக் காசும் போய்விடவில்லை. செண்டாயான் வட்டாரத்தில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி வருகின்றன. வீடு மாறும்போது பாட்டியின் தகர டப்பா வெளியே வரும். திறந்தால் பழைய காசுகள்! வாங்க வருபவர் எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளி ஒரே விலை சொல்லலாம். "சரிப்பா, எடுத்துக்கோ" என்று கொடுப்பதற்கு முன், பிள்ளைகளே, நீங்கள் நான்கு காரியம் செய்யலாம்.

முதலாவது, ஆண்டைப் பாருங்கள். மலாயா 10 காசில் 1939, 1941 ஆண்டுகளில் முக்கால் பங்கு வெள்ளி இருந்தது. போர்க்காலத்தில் அச்சான 1943, 1945 காசுகளில் அது பாதியாயிற்று. 1948 முதல் வந்தது செம்பும் நிக்கலும் கலந்த காசு. அதில் வெள்ளி கிடையவே கிடையாது. நம் முன்னோர் ஊரிலிருந்து கொண்டுவந்த இந்திய ரூபாயும் அப்படித்தான். 1939 வரை நூற்றுக்குச் சுமார் 92 பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை பாதி. புலி உருவம் பொறித்த 1947 ரூபாய் வெறும் நிக்கல்.

இரண்டாவது, காந்தம். வெள்ளியும் செம்பும் காந்தத்தில் ஒட்டா. இரும்பும் நிக்கலும் ஒட்டும். ஆகவே 1947 ரூபாய் 'டக்' என்று ஒட்டிக்கொள்ளும். 1967-ல் வந்த மலேசிய ஒரு சென் வெண்கலம், ஒட்டாது. 1988 ஆண்டின் ஒரு சென்னோ செம்புப் பூச்சிட்ட இரும்பு, ஒட்டும். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும்!

மூன்றாவது, எடை. வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. 'ஒரு ரூபாய் எடை' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நீரிணைக் குடியேற்ற டாலரின் கதையோ வேறு. 1903, 1904-ல் 26.95 கிராம். வெள்ளியின் விலை ஏறிக் காசின் முகமதிப்பைத் தாண்டியதால் 1907-ல் 20.21 கிராமாகக் குறைத்தார்கள். 1919-ல் 16.85 கிராம், அதிலும் வெள்ளி பாதிதான். எனவே ஆண்டும் எடையும் பொருந்தவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டும்.

நான்காவது, தண்ணீர். பால் நிறுக்கும் இடத்தில் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பெற்றோர் பார்த்திருப்பார்கள். பாலில் ரப்பர் அதிகமென்றால் அது ஆழமாக அமிழும். தண்ணீர் கலந்திருந்தால் மேலெழும். கலப்படத்தை அடர்த்தி காட்டிக்கொடுக்கும் என்பதே அதன் சூட்சுமம். ஆர்க்கிமிடீஸ் கண்ட அதே உண்மையைக் காசுக்கும் பயன்படுத்தலாம்.

சமையலறைத் தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, அளவைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல், முழுவதும் முங்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது காசு ஒதுக்கிய நீரின் எடை. 1903-ஆம் ஆண்டு டாலர் நல்லதாயிருந்தால் சுமார் 2.6 கிராம் காட்டும். அதே எடையில் செம்பும் நிக்கலும் கலந்து செய்த போலி சுமார் 3 கிராம் காட்டும். வெள்ளி முலாம் கண்ணை ஏமாற்றலாம். தண்ணீரை ஏமாற்ற முடியாது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 20 காசு போன்ற சிறு காசில் முக்கால் வெள்ளிக்கும் அரை வெள்ளிக்கும் உள்ள வித்தியாசம் 0.02 கிராம்தான். வீட்டுத் தராசுக்கு அது தெரியாது. அங்கே ஆண்டுதான் வழிகாட்டி.

ஒரு வேண்டுகோள். காசை அரத்தால் தேய்க்காதீர்கள், அமிலம் ஊற்றாதீர்கள், பளபளக்கட்டும் என்று புளி போட்டு விளக்காதீர்கள். சேகரிப்பவர் பார்வையில் தேய்த்த காசு மதிப்பிழந்த காசு.

மாணவர்களே! அறிவியல் என்பது பரீட்சைக்கு மட்டும் படிக்கும் பாடமன்று. வெயில் மழை பாராமல் பால் வெட்டிச் சேர்த்தவர்களின் காசு அந்த டப்பாவில் இருக்கிறது. அதன் உண்மையான மதிப்பைக் கணக்குப் போட்டு, தாத்தா பாட்டியிடம் எடுத்துச் சொல்லுங்கள். விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். தெரியாமல் இழக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பரிசு பெற்றவர்களுக்கும், அடுத்த ஆண்டு பெறப்போகிறவர்களுக்கும் என் வாழ்த்துகள்.