படமும் ஓரமும்

தீபாவளி வந்தால் நம்மில் பலர் பிரிக்பீல்ட்சுக்குப் போகிறோம். ஒரு காலத்தில் செங்கல் அறுத்ததால் பெயர் பெற்ற இடம் அது. இன்று துன் சம்பந்தன் சாலையில் புடைவைக் கடைகளும் பூக்கடைகளும் சாமிப் படங்களும் நம்மை வரவேற்கின்றன. அங்கே போகிறவர்களுள் சிலர், பழைய நாளிதழில் சுற்றிய ஒரு பொருளையும் பத்திரமாக எடுத்துப் போவார்கள். அது பாட்டனாரின் புகைப்படமாக இருக்கும். தோட்டம் கைமாறி, லயத்து வீடுகளை விட்டு வெளியேறிய குடும்பங்களில், பெரியவர்களின் முகத்தைக் காட்ட மிஞ்சியது சில வேளை அந்த ஒரு படம்தான். அதற்குக் கண்ணாடிச் சட்டம் போடுவது எப்படி என்று இன்று பார்ப்போம்.

படத்துக்கும் மரச்சட்டத்துக்கும் இடையில் வைக்கும் அட்டையைக் கடைக்காரர்கள் 'மவுண்ட்' என்பார்கள். அதன் நடுவே சன்னல்போல் வெட்டிய திறப்பில் படம் தெரியும். அந்த அட்டையின் ஓரம் எவ்வளவு இருக்க வேண்டும்? நான்கு பக்கமும் சமமாக இருப்பதே சரி என்றுதான் நாங்களும் நினைத்தோம். எங்கள் தோட்டப் பள்ளியில் பழைய மாணவர் படம் ஒன்றுக்கு நாங்களே அட்டை வெட்டினோம். எல்லாப் பக்கமும் இரண்டரை அங்குலம், மயிரிழை பிசகில்லை. சுவரில் மாட்டியதும் நான்காம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி, "படம் கீழே வழுக்குது சார்" என்றாள். மறுபடி அளந்தோம். அளவுகோலும் சரி, அவள் சொன்னதும் சரி!

காரணம் நம் கண்ணில் இருக்கிறது. ஒரு பொருளின் நடு எது என்று கேட்டால், கண் பெரும்பாலும் உண்மையான நடுவைவிடச் சற்று மேலே உள்ள இடத்தையே காட்டும். வீட்டு நாள்காட்டியில் 8 என்ற எண்ணைப் பாருங்கள். இரண்டு வளையங்களும் ஏறக்குறைய ஒன்றாகத் தோன்றும். தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். மேல் வளையம் பெருத்துத் தலைக்கனமாகத் தெரியும். அச்செழுத்து வடிப்பவர்கள் கண்ணின் இந்தப் பழக்கத்தை அறிந்துதான் மேல் வளையத்தைச் சிறியதாக அமைக்கிறார்கள்.

படத்துக்கும் இதே முறைதான். அளவுப்படி நடுவில் வைத்த படம் கண்ணுக்குக் கீழே இறங்கியதுபோல் தோன்றும். ஆகவே கீழ் ஓரத்தைச் சற்று அகலமாக விட வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. நம் வீடுகளில் படங்களை நிலைக்கு மேலே உயரத்தில் மாட்டுகிறோம். கீழிருந்து அண்ணாந்து பார்க்கும்போது, சட்டத்தின் கீழ்க்கட்டை கீழ் ஓரத்தில் கொஞ்சத்தை மறைத்துவிடுகிறது.

கணக்கு எளிது. வெளியே தெரியும் படம் 6 அங்குல அகலம், 8 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வோம். மேலும் பக்கங்களிலும் இரண்டரை அங்குலம், கீழே மூன்று அங்குலம் விடுங்கள். அட்டையின் அளவு 11 அங்குலத்துக்குப் பதின்மூன்றரை அங்குலம். அந்த அரை அங்குலம் வித்தியாசமாகத் தெரியாது. படம் நிலையாக நிற்பதாக மட்டுமே தோன்றும். மிக அதிகமாக விட்டால் கண் அதைக் கண்டுபிடித்துவிடும்.

ஓரத்தின் அகலமும் கண்ணை ஏமாற்றும். இரண்டு இருபது காசுகளைத் தாளில் வையுங்கள். ஒன்றைச் சுற்றி நெருக்கமாகவும் மற்றொன்றைச் சுற்றி மிகப் பெரியதாகவும் வட்டம் வரையுங்கள். நெருக்கமான வட்டத்துக்குள் இருக்கும் காசு பெரியதாகத் தெரியும். இதை 1865ஆம் ஆண்டில் பெல்ஜிய அறிஞர் டெல்போஃப் விளக்கினார். ஆகவே சிறிய படத்தைச் சுற்றி அளவுக்கு மீறி அட்டை விட்டால், படம் மேலும் சிறுத்துப்போகும். அட்டையின் ஓரமும் மரச்சட்டமும் ஒரே அகலத்தில் இருந்தால், கண் அந்தப் பட்டைகளிலேயே நின்றுவிடும். ஓரம் சட்டத்தைவிட அகலமாக இருக்கட்டும்.

நிறத்தையும் கவனியுங்கள். பாரிஸ் நகரின் கோபெலின் சித்திர நெசவாலையில் சாயப் பொறுப்பாளராக இருந்தவர் செவ்ருல் என்ற வேதியியலார். கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குற்றமில்லை, பக்கத்து நிறங்களே அப்படிக் காட்டுகின்றன என்று கண்டு, 1839ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பழுப்பேறிய பழைய படத்தைச் சுற்றிப் பளிச்சென்ற வெள்ளை அட்டை வைத்தால், படம் மேலும் அழுக்காகத் தெரிவது இதனால்தான். சந்தன நிற அட்டை அதற்குப் பொருந்தும்.

ஓர் எச்சரிக்கை. ஆயத்தச் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று படத்தின் ஓரத்தை வெட்ட எவரையும் விடாதீர்கள். வெட்டிய படம் திரும்ப வளராது. படத்துக்கு ஏற்றபடி அட்டையை வெட்டச் சொல்லுங்கள். கண்ணாடி படத்தைத் தொடாதபடி அட்டை இடைவெளியும் தருகிறது. இல்லாவிட்டால் நம் நாட்டு ஈரக்காற்றில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகமே உரிந்துவிடும். பசை தடவாமல், மூலைகளில் காகிதப் பிடி வைத்து, அமிலமில்லாத அட்டை கேளுங்கள்.

கடைக்குப் போகுமுன் ஒன்று செய்யுங்கள். அட்டை அளவுக்கு ஒரு தாளை வெட்டிப் படத்தை அதன்மேல் வையுங்கள். படத்தை மெல்ல மேலே நகர்த்துங்கள். எட்டடி தள்ளி நின்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். "இப்போது சரி" என்று அவர்கள் சொல்லும் இடத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பாட்டனார் யார், எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார் என்று அப்போது அவர்கள் கேட்பார்கள். அதையும் சொல்லிக் கொடுங்கள்.