வெட்டிய கிளை யாருடைய அடுப்புக்கு?



சாலைக்காகவும் மின்கம்பிக்காகவும் வெட்டிப் போடுகிற மரத்தைப் பக்கத்து ஊர் மக்களுக்கு விறகாக இலவசமாகக் கொடுப்பது நன்மையா, தீமையா? இதுதான் பட்டிமன்றத்தின் தலைப்பு. நன்மையே என்று வாதாட இந்த அணி எழுந்திருக்கிறது.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது ஜவ்வாது மலை. போளூரிலிருந்து ஏறினாலும் ஆலங்காயத்திலிருந்து ஏறினாலும் ஜமுனாமரத்தூர் போகும் பாதை மரங்களுக்கு நடுவேதான் போகிறது. மின்வாரியத்தார் பராமரிப்புக்கு மின்சாரத்தை நிறுத்தும் நாளில் கம்பியில் உரசும் கிளைகளைக் கழிக்கிறார்கள். மழைக்குச் சாய்ந்த மரத்தை நெடுஞ்சாலைத் துறையினர் அறுத்து ஓரத்தில் தள்ளுகிறார்கள். பட்டா நிலத்துக்கு வரும் மர வியாபாரி அடிமரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். கோணல் கட்டையும் மிலாறும் வேர்க்கட்டையும் அங்கேயே கிடக்கும். இந்த மிச்சத்தைத்தான் கேட்கிறோம். காட்டில் நிற்கும் பச்சை மரத்தில் ஓர் இலையைக்கூட இந்த அணி கேட்கவில்லை.

அமெரிக்காவில் இது நடைமுறையிலேயே இருக்கிறது. அங்கே வீட்டு மரத்தை வெட்டிக் கொடுப்பதற்கென்று கம்பெனிகள் உண்டு. வெட்டிய கட்டையைக் கொண்டுபோய்க் கொட்டப் பல இடங்களில் அவர்கள் பணம் கட்ட வேண்டும். விறகு கேட்கும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டால் அந்தச் செலவு மிச்சம். கேட்பவரையும் கொடுப்பவரையும் சேர்த்துவைக்க ‘சிப்டிராப்’ என்றொரு இணையச் சேவையே நடக்கிறது.

நம் ஊர்க் கணக்கு வேறு. இங்கே மரத்துக்கு விலை உண்டு. விறகுக் கடையும் செங்கல் சூளையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த விலை நேரான, பருத்த கட்டைக்குத்தான். கோணல் கிளையை மலைப்பாதையில் இறக்கிப் போளூர் சேர்ப்பதற்கு ஆகும் ஏற்றுக்கூலியும் வண்டி வாடகையும் அந்த விறகின் விலையை விழுங்கிவிடும். சாலையோரத்தில் அது மக்கிக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். கோடையில் சருகோடு சேர்ந்து காய்ந்தால், அணையாத ஒரு பீடித் துண்டு போதும், தீ காட்டுக்குள் ஏறிவிடும். வியாபாரத்துக்கு உதவாத அந்தக் கட்டை, ஐம்பதடி தள்ளி இருக்கும் வீட்டுக்கு ஒரு வாரச் சமையல்.

எதிரணித் தோழர் விறகுப் புகையைப் பற்றிப் பேசினார். அவர் சொன்னது உண்மை. வீட்டுக்குள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஊதுகுழலோடு அடுப்படியில் உட்காருபவள் பெண். அவள் முதுகில் இருப்பது குழந்தை. இதை மறைத்துப் பேசி இந்த அணிக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. அவர் சொன்ன மாற்று, எரிவாயு. 2016 மே முதல் நாள் உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கிய உஜ்வாலா திட்டம் கோடிக்கணக்கான வீடுகளுக்கு இணைப்பைக் கொடுத்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தமிழ்நாட்டு அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. இரண்டும் நல்ல திட்டங்கள். ஆனால் இணைப்பு ஒருமுறை இலவசம். தீர்ந்த சிலிண்டரை மாற்ற ஒவ்வொரு முறையும் மொத்தமாகப் பணம் வேண்டும். சாமை அறுவடைக்கும் புளி உலுக்கும் காலத்துக்கும் இடையில் கையில் காசு புழங்காத வீட்டில் அந்தத் தொகை எங்கிருந்து வரும்?

பணம் இருந்தாலும் பாதை வேண்டும். 2023 மே மாதத்தில் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே இறந்துபோனது. சரியான சாலை இல்லாததால், குழந்தையின் உடலைத் தாய் கையில் ஏந்திக்கொண்டு மலையேறி நடந்ததை நாடே பார்த்தது. ஆம்புலன்ஸ் ஏற முடியாத ஊருக்கு சிலிண்டர் வண்டி ஏறும் என்று எதிரணியினர் இந்த மேடையில் உறுதி சொல்ல முடியுமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ எரிவாயு. கேஸ் அடுப்பு அதன் வெப்பத்தில் பாதிக்கு மேல் பாத்திரத்தில் சேர்க்கும். மூன்று கல் அடுப்பு சேர்ப்பது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அப்படியானால் ஒரு சிலிண்டர் செய்யும் வேலைக்கு ஏறத்தாழ 200 கிலோ காய்ந்த விறகு வேண்டும். ஒரு தலைச்சுமைக்கு 20 கிலோ என்று வைத்தால் பத்துச் சுமை. பத்து முறை ஒரு பெண் காட்டுக்குள் போக வேண்டும். கரடிக்கும் பாம்புக்கும் பயந்து, அரிவாளோடு, பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும். சாலையோரத்துக் கட்டை 200 கிலோ அவள் வீட்டுக்கு வந்தால் அந்தப் பத்து நடையும் மிச்சம். அந்தப் பத்து நடையில் அவள் ஒடித்திருக்கக்கூடிய கிளையும் மரத்திலேயே நிற்கும். இலவச விறகு காட்டை அழிக்கும் என்று சொன்ன எதிரணியினர் இதையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

புகைக்கும் வழி இருக்கிறது. அன்று வெட்டிய பச்சைக் கட்டையில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர்தான். அதை எரித்தால் வெப்பத்தில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும், புகையும் கூடும். பிளந்து, தரைபடாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி ஒரு கோடை காயவிட்டால் புகை வெகுவாகக் குறையும். காட்டிலிருந்து அன்றாடம் பொறுக்கி வருபவளுக்கு அந்த அவகாசம் இல்லை. மொத்தமாகக் கிடைத்தால்தான் காயவைக்க முடியும். புகைபோக்கி வைத்த அடுப்பும் புதிதல்ல. ஹைதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் எஸ்.பி. ராஜு 1953லேயே புகையில்லாச் சமையலறையைப் பற்றி நூல் எழுதி அடுப்பும் வடிவமைத்தார். 1980களில் மத்திய அரசே அதற்கொரு தேசியத் திட்டம் நடத்தியது. கட்டையோடு அந்த அடுப்பையும் கொடுங்கள், எரிவாயுவையும் கொடுங்கள் என்கிறது இந்த அணி.

அடுத்தது சட்டம். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் வந்த நாளிலிருந்து இந்த மாகாணத்தில் விறகும் மேய்ச்சலும் வழக்காகவே இருந்தன. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம்தான் அந்தக் கணக்கை மாற்றி எழுதியது. சிறு வனப் பொருள் என்று அது சொல்லும் பட்டியலில் தேனும் மூங்கிலும் மட்டுமில்லை, புதர்விறகும் வேர்க்கட்டையும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் நீதிமன்ற ஆணை ஒன்றால் வன உரிமைப் பட்டயம் வழங்குவது பல ஆண்டுகள் முடங்கி, 2016இல் உச்ச நீதிமன்றத்தில்தான் வழி திறந்தது. காட்டுக்குள் கிடப்பதிலேயே இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு உரிமை உண்டென்று சட்டம் சொல்லும்போது, சாலையோரத்தில் அரசு ஆட்களே வெட்டிப் போட்டதைக் கொடுக்கத் தயக்கம் ஏன்?

நடுவர் அவர்களே, இந்த மலையில் மரம் என்ற சொல்லுக்குப் பின்னால் ரத்தம் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லித் தமிழர்கள் 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள்.  அதன் பிறகு கோடரியோடு நடக்கும் மலைக்காரர் மேல் விழும் பார்வை எப்படிப்பட்டது என்பதை இந்த அவை அறியும். ஆகவேதான் இந்த அணி வெறும் விறகைக் கேட்கவில்லை. விறகோடு ஒரு சீட்டையும் கேட்கிறது. எந்த இடத்தில் வெட்டியது, எவ்வளவு, யாருக்கு என்று அந்தந்தத் துறையின் முத்திரையோடு எழுதிய சீட்டு கையில் இருந்தால், சோதனைச் சாவடியில் விறகு கொண்டுபோகும் பெண் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

பட்டுப்போன மரத்தில் மரங்கொத்தி கூடு வைக்கும், மக்கிய கட்டை மண்ணுக்கு உரம் என்று எதிரணியில் ஒரு சகோதரி சொன்னார். மிகச் சரி. காட்டுக்குள் விழுந்தது காட்டுக்கே இருக்கட்டும். தார்ச்சாலையோரத்தில் குவித்த கட்டையில் மரங்கொத்திக்கு வேலை இல்லை. இலவசம் என்றால் தரகர் புகுந்துவிடுவார் என்றும் சொன்னார்கள். அந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் பருத்த அடிமரமும் சந்தனம் போன்ற விலையுயர்ந்த மரமும் வழக்கம்போல அரசுக் கிடங்குக்கே போகட்டும், கிளைக்கும் கோணல் கட்டைக்கும் மட்டும் இந்த ஏற்பாடு என்கிறோம். யாருக்கு முதலில் என்பதைக் கிராம சபையில் எல்லார் முன்னும் படித்து முடிவு செய்யட்டும். தனியாக வாழும் முதியவர்கள், கைம்பெண்கள், சத்துணவு சமைக்கும் கூடங்கள் முதலில் வரட்டும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை திருவண்ணாமலை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. இப்படியொரு மழை இன்னொரு முறை வரும். மரங்கள் மறுபடி சாலையில் விழும். அதற்குள் இந்த ஏற்பாடு ஓர் அரசாணையாக வர வேண்டும். வெட்டிய மரத்தின் மிச்சத்தை மலை மக்களுக்கு இலவசமாகக் கொடுப்பது நன்மையே என்று நடுவர் அவர்கள் தீர்ப்பளிக்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறது இந்த அணி.